தெரு வரைக்கும் வெள்ளைக் கோட்

என் வெள்ளைக் கோட்டை அப்பாதான் அயன் பண்ணுவார். ஹார்பரிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு, பழைய கம்பளியைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிடுவார். கஞ்சி போட்டு உலர்ந்த கோட்டின் மேல் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பார். காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு ராயபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தால் குழாயடியில் நிற்கிற பெண்கள் குடத்தை நகர்த்தி வழி விடுவார்கள். "நர்ஸம்மா போவுது, தள்ளு" என்பார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போவேன். பஸ் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று திருவொற்றியூர் போய்ச் சேரும். நான் வேலை பார்த்த நர்ஸிங் ஹோமின் பின்பக்க அறைக்குப் போய், வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அங்கேயே துவைத்துப் பக்கத்து ஆணியில் மாட்டுகிற ரோஸ் கலர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

அங்கே அரசாங்க நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ்களுக்கு வெள்ளைக் கோட். பதிவு இல்லாதவர்களுக்கு ரோஸ். ரோஸ் கோட் போட்டவர்கள் படுக்கை விரிக்கலாம், ஜுரம் பார்க்கலாம், நோயாளியைக் குளிப்பாட்டலாம், பெட்பேன் எடுக்கலாம். ஊசி போடக் கூடாது. மருந்து அலமாரிச் சாவியைத் தொடக் கூடாது. நான் மூன்று வருஷம் நர்ஸிங் படித்து, பரீட்சை எல்லாம் நல்லபடியாகப் பாஸ் செய்தவள். ஆனாலும் ரோஸ்தான். இது தெருவில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம் நானும் அப்பாவும். தெருவில் யாராவது மருந்துக்கடையிலிருந்து ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு "கொஞ்சம் போட்டுவுடும்மா" என்று வந்தால், "வூட்ல போடக் கூடாதுக்கா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். சட்டத்தை மதிக்கிற பெண் என்று எனக்குப் பெயர் வேறு கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

நான் பிளஸ் டூ முடித்தது தொண்ணூறுகளின் கடைசியில். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்த நர்ஸ்களைப் போல ஆக வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். இங்கே இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. கர்நாடகாவில், பெங்களூரையும் தாண்டி ஒரு ஊரில் காலேஜ் இருக்கிறது, சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சர்ச்சில் யாரோ சொல்ல, அப்பா லீவு போட்டுவிட்டு என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

வெளி மாநிலத்திலிருந்து வந்த பெண்களையும் கூட வந்தவர்களையும் ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். பாதிப் பேர் மலையாளிகள். ஆபீஸ்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்று, முதலில் கன்னடத்திலும் பிறகு இங்கிலீஷிலும் நிதானமாகச் சொன்னார். எங்கள் காலேஜுக்கு இந்த மாநிலத்தின் அனுமதி இருக்கிறது. படித்து முடித்தால் இங்கே பதிவு செய்துகொண்டு இங்கே வேலை பார்க்கலாம். உங்கள் மாநிலத்துக் கவுன்சில் இந்தப் படிப்பை ஏற்றுக்கொள்ளுமா என்பதை நீங்கள் அங்கே கேட்டுக்கொண்டு சேருங்கள், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. இதுதான் அவர் சொன்னது. பெட்டியை இறக்கி, ஹாஸ்டல் கட்டிலைக் காட்டி, இது உன் இடம் என்று சொல்லி முடித்த பிறகுதான் இதைச் சொன்னார்கள். ரயிலேறுவதற்கு முன்னால் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆனால் சொன்னார்கள். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "இன்னாமா சொல்றாரு அந்தாளு?"

நான் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். "நம்ம ஊர் ஆபீஸாண்ட கேட்டுனு வந்து சேரணுமாம் நைனா. இங்க படிச்சது அங்க செல்லுமான்னு இவங்களுக்குத் தெரியாதாம். பொறுப்பில்லன்னு சொல்றாரு."

ஒரு வார்த்தை விடாமல்தான் சொன்னேன். அப்பா ஹால் அதிர்கிற மாதிரி ஒரு கனைப்புக் கனைத்தார்.

"இதுக்கா இவ்ளோ பேச்சு? கப்பலுக்குப் போறவன் பம்பாய்ல ஸீமேன் புக்கு வாங்கினு வரான். மெட்ராஸ்ல எத்தினி பேர் அத்த வச்சினு கப்பல் ஏறியிருக்கான், நான் பாத்துனுதானே கீறேன். எந்தக் கேப்டனாவது இது பம்பாய் முத்திரை, செல்லாதுன்னு சொல்லிகிறானா? கவுருமென்ட்டு முத்திரைன்னா எல்லா ஹார்பர்லயும் செல்லும். நீ போய் உக்காரு."

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு வேத வாக்கு. எங்கள் தெருவில் பாதி வீடு துறைமுகத்தை நம்பிச் சாப்பிட்டது. ஸீமேன் புத்தகம் என்பது கப்பலில் வேலைக்குப் போகிறவனின் அடையாளப் புத்தகம். அதை எந்த ஊரில் வாங்கினாலும் உலகம் பூரா செல்லும் என்பது எங்கள் தெருவில் நண்டு சிண்டுக்கும் தெரியும். நர்ஸுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு மலையாளி எழுந்து இரண்டு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு மகள் கையைப் பிடித்து எழுப்பி, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். "பயந்தாங்கொள்ளி" என்றார் அப்பா. நானும் சிரித்தேன்.

மூன்று வருஷம் கழித்து நான் திரும்பி வந்ததும், பதிவு செய்ய அப்பாவும் நானும் இங்கே கவுன்சில் ஆபீஸுக்குப் போனோம். அப்பா பண்டிகைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கவுண்டரில் இருந்த அம்மா எங்கள் சர்டிஃபிகேட்டைப் பார்த்தார், காலேஜ் பெயரைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் காலேஜுக்கு அந்த மாநில அனுமதி மட்டும்தான், இங்கே பதிவு செய்ய முடியாது, அங்கேயே வேலை பார்க்கட்டும் என்றார். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே எப்படிப் போய் உட்கார முடியும்? அப்பா ஏதேதோ கேட்டார். பின்னால் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். அந்த அம்மா நல்லவர், எரிந்து விழவில்லை. "அங்க சேரும்போது உங்களுக்கு இதைச் சொல்லலையா?" என்று கேட்டார்.

"ஒண்ணியும் சொல்லலம்மா," என்றார் அப்பா. "சொல்லியிருந்தா சேத்திருப்பனா? ஏமாத்திட்டாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, "பாவம்" என்றார். பொய் சொல்லி வாங்கிய அந்தப் பாவம் என் மேல் எச்சில் மாதிரி ஒட்டிக்கொண்டது. என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தெருமுனையில் இறங்கியதும் யாரோ "இன்னாபா, பதிஞ்சாச்சா?" என்று கேட்டார்கள். "எழுதிக் குடுத்தாச்சு, வந்துடும்" என்றார் அப்பா. அங்கே ஆரம்பித்தது.

நர்ஸிங் ஹோமில் வேலை கிடைத்தபோது ரோஸ் கோட் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாள் கடைக்குப் போய் மாற்றி மாற்றிப் போட இரண்டு வெள்ளைக் கோட் வாங்கி வந்தார். "அங்க போய் இன்னா வேணா போட்டுக்கோ. தெருவுல இத்தப் போட்டுனு போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொன்னாலும் தினமும் அந்த ஆணியடியில் நிற்கும்போது திருடப்போகிறவள் மாதிரி இருக்கும். ஒரு தடவை எங்கள் தெருக்காரர் ஒருவர் காலில் கட்டோடு வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அவர் போகும் வரைக்கும் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன்.

இப்படியே மூன்றாவது வருஷமும் வந்துவிட்டது. அப்போதுதான் சிக்னல் மாமா வீட்டுக்கு வந்தார்.

சிக்னல் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டுபவர். வின்ச் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கப்பலின் அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே ஆள் நிற்கிறானா, சரக்கு சரியாகக் கட்டியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் நின்று கீழேயும் பார்த்து மேலேயும் பார்த்துக் கையால் சைகை காட்டுவார். அவர்தான் சிக்னல்மேன். கையை விரித்தால் இறக்கு, மடக்கினால் நிறுத்து. அந்தக் கையை நம்பித்தான் அப்பா அவ்வளவு பாரத்தையும் இறக்குவார். அப்பாவுக்குப் பல வருஷமாகக் கை காட்டியவர் இந்த மாமா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் பெண் அந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். நான் அடுப்பில் டீ வைத்திருந்தேன்.

"இன்னா மச்சான், நம்ம பாப்பாவும் நர்ஸுக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. உம் பொண்ணு கோட்டு போட்டுனு போறதைப் பாத்து ஆசை. அந்தக் காலேஜுலயே கேக்கலாம்னு கீறேன். எப்பிடி அது?"

நான் டீ கிளாஸோடு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நல்ல காலேஜுதான்," என்றார். "படிப்பு நல்லா சொல்லித் தர்றாங்க."

மாமா என்னைப் பார்த்து, "அப்பிடியாம்மா?" என்றார். நான் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சொல்லியிருக்கலாம். கோட் கதை தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான், வேறு ஒன்றுமில்லை. மாமா போன பிறகு, "நைனா, அவருக்குச் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"கிளாஸ எடுத்துனு போய்க் கழுவு" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அப்பா முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு போடுவேன், பேச மாட்டேன். அவர் கோட் அயன் பண்ணுவதைப் பார்த்தால் வயிறு எரியும். நான் ஒருத்தி ஏமாந்தது போதாதா, இன்னொரு பெண்ணும் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து பெட்பேன் தூக்க வேண்டுமா, அதுவும் இத்தனை வருஷம் கை காட்டிய மனுஷனின் பெண், என்று மனசுக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். அவரைக் கோழை என்று நினைத்தேன். அதைவிட மோசமாகவும் நினைத்தேன். மகள் நர்ஸ் என்று தெரு சொல்வதற்காக ஒரு குடும்பத்தையே பள்ளத்தில் இறக்குவார் என்று நினைத்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

பிறகு ஒரு நாள் குழாயடியில் சொன்னார்கள், சிக்னல்காரர் பெண் வெளியூருக்குப் படிக்கப் போகிறாள், பெட்டி எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று. அன்றைக்கு முழுக்க வேலையில் கை ஓடவில்லை. சாயந்திரம் டியூட்டி முடிந்ததும் பின்பக்க அறைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். ரோஸ் கோட்டைக் கழற்றாமல் அப்படியே பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு என்ன, ஏதோ ஒரு கலர். தெருவில் இறங்கியதும்தான் வெட்கம் வந்தது. சாயந்திர நேரம், மொத்தத் தெருவும் வாசலில். குழாயடியில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா நர்ஸம்மா, கோட்டு மாறிக்கீது?"

"மாறலக்கா. இதான் என் கோட்டு. அந்த வெள்ளை சும்மா தெருவுக்குப் போட்டது. நான் நர்ஸா பதியல."

அக்கா கூடையைக் கீழே வைத்தாள். நான் நிற்கவில்லை. முதுகில் எத்தனை கண் என்று தெரியாது. எங்கள் வீட்டைத் தாண்டி நேராக அடுத்த தெருவுக்குப் போனேன். மாமா லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலேஜில் அன்றைக்கே சொன்னார்கள், நாங்கள் கேட்கவில்லை, இங்கே பதிவு கிடையாது, ரோஸ் கோட்தான், பாப்பாவை அங்கே அனுப்பாதீங்க மாமா, நைனா உங்களிடம் மறைத்துவிட்டார், அவரை மன்னித்துவிடுங்க. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாமா பீடியை அணைத்தார். என்னைச் சங்கடத்தோடு பார்த்தார்.

"உக்காரும்மா. இத்த நீ சொல்லணுமா? உங்கப்பன் என்னிக்கோ சொல்லிட்டான்."

எனக்குப் புரியவில்லை.

"நான் உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனேனில்ல, மறுநாள் காலைல கப்பல்ல வேலை தொடங்கசொல்ல வின்ச்ச வுட்டு எறங்கி வந்தான். தூக்குடான்னு நான் கை காட்டினு நிக்கிறேன், இவன் எறங்கி என்னாண்ட வரான். மச்சான், அந்தக் காலேஜ் வேணாம், அங்க சேந்த அன்னிக்கே சொன்னாங்க, எம் பொண்ணும் ஒண்ணு வுடாம எனக்குச் சொல்லுச்சு, நான்தான் ஸீமேன் புக்கு கதை பேசினு காதுல வாங்கலன்னான். பொண்ணு எதிர்ல சொல்ல வாய் வரல, நான் சொன்னது அதுக்குத் தெரிய வேணாம், அது பாவம் வெள்ளைக் கோட்டுல போவுதுன்னு சத்தியம் வாங்கினான். அவனுக்கு இத்தினி வருசம் நான் கை காட்டிகிறேன். அவன் எனக்குக் காட்டாம வுடுவானா?"

"பெட்டி வாங்கிட்டீங்கன்னு சொன்னாங்களே."

"அது திருச்சிக்கும்மா. எம் மச்சினி வூட்டாண்ட ஒரு காலேஜ் கீது. சேக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்னு உங்கப்பன்தான் என்னை அந்தக் கவுன்சில் ஆபீஸுக்கு இட்டுனு போனான். அதே கவுண்டரு, அதே அம்மாவாம். இந்தக் காலேஜ் செல்லும்னு அவங்க சொன்னப்பறமும் நகர மாட்டேங்கிறான். அன்னிக்கு உங்களாண்ட பொய் சொல்லிட்டேம்மா, அந்தக் காலேஜ்ல சொன்னாங்க, ஏமாத்தலன்னு சொல்றான். அந்தம்மாவுக்கு இவன் யாருன்னே ஞாபகம் இல்ல. சரிங்க, அடுத்தவரு வாங்கன்னுட்டாங்க." மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அங்கிருந்து எங்கள் வீடு பத்து வீடு தள்ளித்தான். மெல்ல நடந்தேன். ரோஸ் கோட்டோடு தெருவில் வந்தபோது பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் எனக்காகத் தெருவில் காப்பாற்றி வைத்திருந்ததை நானே குழாயடியில் போட்டு உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுகூடப் போகட்டும். இன்னொரு வீட்டுப் பெண்ணைத் தெரிந்தே பள்ளத்தில் இறக்கிவிடுவார் என்று என் அப்பாவைப் பற்றி நம்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல், சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்பினேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

வீட்டில் அப்பா கம்பளியை விரித்து அயன் பாக்ஸைச் சூடு வைத்திருந்தார். மறுநாளைக்கான இன்னொரு வெள்ளைக் கோட் முன்னால் கிடந்தது. நான் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். ரோஸ் கோட்டை அவர் அதுவரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை.

"இதோடயா தெருவுல வந்தே?"

"ஆமா நைனா."

"சிக்னல்காரன் வூட்டுக்குப் போனியா?"

"போனேன்."

அப்பா வெள்ளைக் கோட்டை எடுத்து மடித்துச் சுவரோரம் வைத்தார். "காலரு சுருங்கிக்கீது, கழட்டிக் குடு" என்றார். கொடுத்தேன். கம்பளி மேல் விரித்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார். வெள்ளைக் கோட் பருத்தி. இது வேறு ஏதோ வழுக்குகிற துணி. அயன் பாக்ஸைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்தி, "இதுக்கு எவ்ளோ சூடு வெக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. மூன்று வருஷம் போட்ட கோட். ஒரு நாள்கூட அதை நான் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை.